பியூரெட் கழுவுவதும் ஒரு வேலைதான்

மே மாதம் பிளஸ் 2 முடிவுகள் வந்ததும், சேலம், நாமக்கல் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தேடி வரும் பெற்றோர் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். முதலாவது நமக்குப் பழகியது: "கெமிஸ்ட்ரி படிச்சா என்ன வேலைங்க சார் கிடைக்கும்?" இரண்டாவது கொஞ்சம் தயக்கத்தோடு வரும்: "லேப்புல சாயங்காலம் வரைக்கும் நிக்க வெச்சிருவாங்களாமுங்க... அப்புறம் பையன் எப்படிங்க வேலைக்குப் போவான்?"

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல இன்று கையேடுகள் இருக்கின்றன, 'நான் முதல்வன்' வகுப்புகள் இருக்கின்றன. இரண்டாவது கேள்விக்குத்தான் நாம் யாரும் தயாராக இருப்பதில்லை. நம் பகுதியில் கல்லூரி மாணவர் என்றால் பாதிப் பேர் பகுதிநேரத் தொழிலாளியும்தான். காலைச் சுழற்சியில் படிப்பவர் மதியம் துணிக்கடையிலோ, பெட்ரோல் பங்க்கிலோ நிற்பார். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் என்றால் தறி. நாமக்கல் என்றால் கோழிப்பண்ணை, லாரிப் பட்டறை. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. முகூர்த்த நாள் வந்தால் எல்லா ஊரிலும் கேட்டரிங். அரசு கலைக் கல்லூரிகள் இரண்டு சுழற்சிகளாக நடப்பதால் அரை நாள் கையில் மிஞ்சுகிறது. அந்த அரை நாளில்தான் வீட்டுச் செலவில் ஒரு பகுதி ஓடுகிறது.

வேதியியல் மாணவருக்கு அந்த அரை நாள் முழுசாகக் கிடைப்பதில்லை. செய்முறை வகுப்பு இருக்கும் நாளில் தரம்பார்த்தல் முடிந்து, கணக்குப் போட்டு, கருவிகளைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி வெளியே வர நேரமாகும். தவறவிட்ட வரலாற்றுப் பாடத்தை நண்பனின் நோட்டிலிருந்து எழுதிக்கொள்ளலாம். தவறவிட்ட உப்புப் பகுப்பாய்வை அப்படி எழுதிக்கொள்ள முடியாது. இதனால் வேதியியலில் நல்ல ஆர்வம் உள்ள பிள்ளைகளே "வேலைக்குப் போக வசதி" என்று வேறு பாடப்பிரிவுக்குப் போவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அப்படியானால் அந்த வேலை வேதியியல் துறைக்கு உள்ளேயே இருந்தால் என்ன? உலகத்தில் பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது. நம்மிடம் எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது, எந்தக் கட்டத்தில் கிடைக்கும் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வேதியியல் துறைக்குள் என்னென்ன வேலைகள் நடக்கின்றன என்று பார்ப்போம். பாடம் நடத்துவதும் தேர்வு வைப்பதும் வெளியே தெரிபவை. தெரியாத வேலைகள் ஸ்டோர் ரூமிலும் தயாரிப்பு மேசையிலும் நடக்கின்றன. ஒரு வகுப்பில் 40 மாணவர்கள். ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு பெர்மாங்கனேட்டைத் தரம்பார்க்கிறார்கள். ஆளுக்கு 200 மில்லி என்று வைத்தால் 8 லிட்டர் 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலம் வேண்டும். லிட்டருக்கு 6.3 கிராம் வீதம் 50.4 கிராம் எடை போட வேண்டும். பெர்மாங்கனேட் லிட்டருக்கு ஏறக்குறைய 3.16 கிராம். ஆனால் அதை வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால் கலக்கிக் கொடுக்க முடியாது. முன்கூட்டியே தயாரித்து, ஒரு நாளாவது வைத்திருந்து, கண்ணாடிக் கம்பளியில் வடித்து, பழுப்பு நிறப் புட்டியில் இருட்டில் வைக்க வேண்டும். மோர் உப்பு என்றால் 39.2 கிராம், நீர்த்த கந்தக அமிலம் சேர்க்காமல் வெறும் நீரில் கரைத்தால் கலங்கிப்போகும். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருக்கும் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்வதால் துல்லியமாக எடை போட்டே பயனில்லை. ஏறத்தாழ எடுத்துக் கரைத்துப் பிறகு தரம்பார்த்துச் சரியான செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இவை தவிர வாலைவடிநீர் பிடிப்பது, புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது, இருப்புப் பதிவேடு, உடைபாட்டுப் பதிவேடு, பழைய கரைசல்களை முறைப்படி அப்புறப்படுத்துவது என்று வேலைகள் நீளும். கழுவும் வேலையையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். காரக் கரைசலைக் கண்ணாடித் திருகு உள்ள பியூரெட்டில் அப்படியே விட்டுவிட்டால் மறுவாரம் திருகு அசையாது. பெர்மாங்கனேட் விட்டுப்போன பழுப்புக் கறை சோப்புக்குப் போகாது. அது மாங்கனீசு டை ஆக்சைடு. அமிலம் கலந்த ஆக்சாலிக் அமிலக் கரைசலை இளஞ்சூட்டில் ஊற்றினால் கரைந்துவிடும். முன்பெல்லாம் கண்ணாடிக் கருவிகளைக் குரோமிக் அமிலக் கலவையில் ஊறப் போடுவார்கள். அதிலுள்ள ஆறிணைதிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் இப்போது தவிர்க்கிறார்கள். எந்தக் கறைக்கு எந்தக் கரைப்பான் என்று அறிந்து கழுவுகிறவருக்குப் பாதி வேதியியல் தெரியும் என்று சொல்லலாம்.

நம் அரசுக் கல்லூரிகளில் இந்த வேலைகளைச் செய்ய ஆய்வக உதவியாளர்கள் என்ற பணியிடம் உண்டு. அது நிரந்தர அரசுப் பணி, மாணவருக்கானது அல்ல. இடம் காலியாக இருக்கும் இடங்களில் பேராசிரியர்களே செய்கிறார்கள். முதுநிலை மாணவர்களும் 'உதவிக்கு' வருகிறார்கள். அந்த உதவிக்குச் சம்பளமும் கிடையாது, சான்றும் கிடையாது. 1857-இல் தோன்றிய சேலம் அரசு கலைக் கல்லூரியானாலும், நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியானாலும், இராசிபுரம் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரியானாலும், பி.எஸ்சி. முதலாமாண்டில் சேரும் நம் பிள்ளை துறைக்குள் சம்பள வேலையை எதிர்பார்த்துப் போகக் கூடாது. இதைப் பெற்றோரிடம் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1964-இல் வந்த பொருளாதார வாய்ப்புச் சட்டத்தின் கீழ், வசதி குறைந்த மாணவர்களுக்குக் கல்லூரி வளாகத்திலேயே வேலை கொடுக்கவும், சம்பளத்தில் பெரும்பங்கை மத்திய அரசே ஏற்கவும் ஒரு திட்டம் தொடங்கியது. இன்றும் நடக்கிறது. அங்கே வேதியியல் துறையில் இளநிலை மாணவரே ஸ்டோர் ரூம் சன்னலில் நின்று கருவிகளைக் கொடுத்து வாங்குவார், கரைசல் தயாரிப்பார், கீழ்வகுப்பு மாணவர்களின் செய்முறைப் பதிவேடுகளைத் திருத்துவார், செய்முறை வகுப்பில் பேராசிரியருக்குத் துணையாக நிற்பார். மணிக்கணக்கில் சம்பளம். நம் நாட்டிலிருந்து போய்ப் படிப்பவர்கள்கூட வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். பாத்திரம் கழுவிப் படித்தேன் என்று வெளிநாட்டில் படித்தவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். வேதியியல் படித்தவர் சொன்னால், அது குடுவை கழுவியதாகவும் இருக்கலாம்!

இந்தியாவுக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. மகாராட்டிரத்தில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919-இல் ரயத் சிட்சண் சன்ஸ்தாவைத் தொடங்கியபோதே, ஏழை மாணவன் உழைத்துப் படிக்க வேண்டும், தானமாக வாங்கிப் படிக்க வேண்டாம் என்பதைக் கொள்கையாக வைத்தார். 1947-இல் சாத்தாராவில் அவர் தொடங்கிய கல்லூரி 'உழைத்துப் படி' என்ற முறையிலேயே நடந்தது. புனே பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலேயே அத்தகைய திட்டம் நடக்கிறது. மாணவர்கள் அலுவலகம், நூலகம், ஆய்வகம் ஆகிய இடங்களில் சில மணி நேரம் பணியாற்றி ஊதியம் பெறுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவும் பின்தங்கிய பிரிவு மாணவர்களுக்கான தன் வழிகாட்டுதல்களில் இந்த யோசனையை முன்வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் வேறு வழியில் போயிருக்கிறோம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பர் 5 முதல் 'புதுமைப் பெண்', ஆண்களுக்கு 2024 ஆகஸ்ட் 9 முதல் 'தமிழ்ப் புதல்வன்' என்று மாதம் 1000 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போகிறது. இரண்டு வழியும் ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது என்பது என் கருத்து. 1000 ரூபாய் செய்முறைப் பதிவேடு, மேலங்கி, பஸ் செலவு என்று தாங்கும். வாரக்கூலி வாங்கும் பையனை விசைத்தறியிலிருந்து முழுசாக இறக்கி வைக்காது.

துறைக்குள் சம்பளத்தோடு கூடிய மாணவர் வேலை நம் நாட்டில் உண்மையில் தொடங்குவது எம்.எஸ்சி.க்குப் பிறகு. அதைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. பி.எச்டி. என்றால் 'இன்னும் அஞ்சு வருசம் காசு கட்டிப் படிக்கணும்' என்றே வீட்டில் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறாக இருக்க முடியும். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் வேதி அறிவியல் பிரிவில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவருக்கு, 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய்; அதன்பின் முதுநிலை உதவித்தொகையாக 42,000 ரூபாய். ஆய்வு மாணவர் தன் ஆராய்ச்சியைச் செய்துகொண்டே துறையின் கருவிகளைப் பராமரிப்பார், இளநிலைச் செய்முறை வகுப்புகளைக் கவனித்துக்கொள்வார். ஐ.ஐ.டி.களில் உதவித்தொகை பெறும் ஆய்வு மாணவர்கள் வாரத்துக்கு 8 மணி நேரம் துறைப்பணி செய்ய வேண்டும் என்று விதியே உண்டு. பேராசிரியர் ஒருவர் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி பெற்றால், அந்தத் திட்டத்தில் எம்.எஸ்சி. முடித்தவர்களைத் திட்ட உதவியாளராக எடுத்துக்கொள்வார். தமிழக அரசும் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வின் வழியாக முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்குகிறது. 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் சேலத்திலேயே இருப்பதால், ஆராய்ச்சிக்காக ஊரைவிட்டே போக வேண்டும் என்பதும் இல்லை.

நம் காவிரிக் கரைக்காரர் ஒருவரையே உதாரணமாகச் சொல்லலாம். முசிறிக்கு எதிர்க்கரையில் குளித்தலையில் 1900-இல் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் பி.பி. டேயிடம் ஆய்வு மாணவராக இருந்து, உதவித்தொகையில் மான்செஸ்டர் போய் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்தார். தாவர நிறமிகளின் வேதியியலில் உலக அளவில் பெயர் பெற்று 1960-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். மாணவராக இருந்தபோது துறை கொடுத்த இடமும் தொகையும் இல்லாமல் அந்தப் பாதை திறந்திருக்காது.

மைக்கேல் ஃபாரடே கதையை நாம் எல்லாரும் வகுப்பில் சொல்கிறோம். ஆனால் சம்பளத்தைச் சொல்வதில்லை. புத்தகம் கட்டும் கடையில் பயிற்சியாளாக இருந்தவர், 1813 மார்ச்சில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். வாரத்துக்கு 25 ஷில்லிங், மாடியில் தங்க இரண்டு அறை, குளிர்காய எரிபொருள், மெழுகுவத்தி. கருவிகளைத் தயார் செய்வது, சுத்தம் செய்வது, சொற்பொழிவுகளுக்குத் துணை நிற்பது ஆகியவை அவர் வேலை. பின்னாளில் பென்சீனைக் கண்டுபிடித்ததும் மின்னாற்பகுப்பு விதிகளைத் தந்ததும் அதே கட்டடத்தில்தான். பிளஸ் 2-வில் ஃபாரடே விதி நடத்தும் அன்று அந்த 25 ஷில்லிங்கையும் சொல்லிப் பாருங்கள். கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

நடுவில் இருக்கும் மூன்று ஆண்டுகளுக்கு என்ன வழி? பி.எஸ்சி. படிக்கும்போது ஊதியத்துடன் ஆய்வகத்தில் நிற்க இருக்கும் நல்ல வாய்ப்பு, கோடை ஆராய்ச்சிப் பயிற்சி. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து ஆண்டுதோறும் கோடை உதவித்தொகை தருகின்றன. தேர்வானவர்கள் இரண்டு மாதம் ஏதேனும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் விஞ்ஞானி ஒருவரின் கீழ் வேலை செய்யலாம். பயணச் செலவும் மாத உதவித்தொகையும் உண்டு. ஆசிரியர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

படிப்பு முடித்தபின் என்றால் நம் சமவெளியிலேயே ஆய்வக வேலைகள் உண்டு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. பெரிய தீவன ஆலைகளும் சொந்த ஆய்வகம் வைத்திருக்கின்றன. கோழித் தீவனத்தில் புரதம் எவ்வளவு என்று பார்க்க அங்கே செய்வது, நாம் பிளஸ் 1-இல் நடத்தும் ஜெல்டால் முறையேதான். நைட்ரஜன் 3.2 விழுக்காடு வந்தால் 6.25-ஆல் பெருக்கிப் புரதம் 20 விழுக்காடு என்பார்கள். தேர்வுக்கு மட்டும் என்று நாம் தாண்டிப்போகும் அந்தக் கணக்கில் ஒரு மாவட்டத்தின் முட்டை வியாபாரமே நிற்கிறது. சேலம், ஆத்தூர், இராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்கும் தரப் பரிசோதனை தேவை. நம் நிலத்தடி நீரின் கடினத்தன்மையையும் ஃபுளூரைடையும் பார்க்கும் குடிநீர் ஆய்வகங்கள் இருக்கின்றன. இவற்றில் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவரிடம் முதலில் கேட்பது "பிப்பெட் பிடிக்கத் தெரியுமா?" என்பதுபோலத்தான் இருக்கும்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியதும் அங்கே இருக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும் ஆய்வகத்தைத் திறப்பது என்ற வழக்கத்தை விட்டு, பிளஸ் 1 தொடக்கத்திலிருந்தே மாணவர்களுக்குச் சுழற்சி முறையில் பொறுப்பு கொடுக்கலாம். ஒரு வாரம் இரண்டு பேர் கரைசல், இரண்டு பேர் இருப்புப் பதிவேடு, இரண்டு பேர் கழுவுதல், இரண்டு பேர் சீட்டு ஒட்டுதல். மறுவாரம் மாற வேண்டும். கரைசல் தயாரிப்பவர் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகே தராசைத் தொட வேண்டும்.

இந்தச் சுழற்சியில் ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். கழுவும் வேலை எப்போதும் அதே பிள்ளைகளுக்குப் போகக் கூடாது. "அவன் நல்லாச் செய்வான் சார்" என்று வகுப்பு ஒரு பையனைக் காட்டும்போது, அவனைக் காட்டுவதற்குப் பின்னால் இருப்பது திறமைதானா, அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதா என்று ஆசிரியர் யோசிக்க வேண்டும். மாணவிகள் இருக்கும் வகுப்பில் கழுவுவதும் துடைப்பதும் தானாகவே அவர்கள் பக்கம் நகரும். பதிவேடும் தராசும் பையன்கள் பக்கம். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பெயர் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆசிரியர் பயன்படுத்திய பியூரெட்டை ஆசிரியரே கழுவி மாட்டுவதைப் பிள்ளைகள் பார்த்தால் இன்னும் நல்லது.

பாதுகாப்பு விஷயத்திலும் எல்லை வேண்டும். அடர் அமிலப் புட்டியை மாணவர் திறக்கக் கூடாது. நீர்த்த கரைசல் வரை ஆசிரியரோ ஆய்வக உதவியாளரோ தயாரித்துக் கொடுக்க வேண்டும். அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல என்பதை அவர்கள் பார்க்கச் செய்து காட்டலாம். யாரும் தனியாக ஆய்வகத்தில் இருக்கக் கூடாது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், 14 முதல் 18 வயது வரை உள்ள வளரிளம் பருவத்தினரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவது குற்றம். பள்ளியில் நாம் கொடுப்பது பாடத்தின் பகுதியான பயிற்சி. அது பாடவேளைக்குள், பாடத்துக்காக மட்டும் நடக்க வேண்டும். அலுவலக அறையைத் துடைப்பதோ, ஆசிரியருக்கு டீ வாங்கி வருவதோ இதில் சேராது. பட்டறையில் அமிலத்தில் வெள்ளியைத் தோய்க்கும் வேலைக்கு நம் மாணவர் விடுமுறையில் போகிறார் என்று தெரிந்தால், அந்தப் புகை என்ன செய்யும் என்று வகுப்பில் சொல்வதோடு நிறுத்தாமல் வீட்டிலும் பேச வேண்டும்.

இரண்டு ஆண்டு இப்படிப் பொறுப்பு வகித்த மாணவருக்கு, விடைபெறும்போது ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம். "நன்னடத்தை உடையவர்" என்ற வழக்கமான வரி போதாது. "0.1 நார்மல் கரைசல்களைத் தாமே கணக்கிட்டுத் தயாரிப்பார்; இருப்புப் பதிவேட்டை ஒரு பருவம் பராமரித்தார்; தரம்பார்த்தலில் ஒத்திசைவான அளவீடுகள் பெறுவார்" என்று செய்ததை அப்படியே எழுத வேண்டும். அந்தத் தாளோடு கல்லூரித் துறைத் தலைவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும், தயாரிப்பு மேசைக்கு அருகே நிற்க ஓர் இடம் கிடைக்கும். பேராசிரியருக்கு ஆய்வுத் திட்டம் வரும்போது பெயர் நினைவுக்கு வரும்.

கோடை உதவித்தொகைக்கு முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே விண்ணப்பம் கேட்பார்கள். பேராசிரியர் ஒருவரின் பரிந்துரையும், எந்தத் துறையில் ஏன் வேலை செய்ய விரும்புகிறார் என்ற சிறு குறிப்பும் தேவைப்படும். அதனால் பிளஸ் 2 முடித்துப் போன பிள்ளைகளின் செல்பேசி எண்களை வைத்திருங்கள். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது ஒருமுறை கூப்பிட்டு, "அறிவிப்பு வந்துச்சா, பார்த்தியாப்பா?" என்று கேளுங்கள்.